எமோ என்றால் என்னவென்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள்

ஆர்.எஸ். புரம், கோவை
6 ஜனவரி 2025

அஃபானுக்கு,

போன், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் என்று எல்லா வாசலிலும் உன்னைத் தடுத்து வைத்திருக்கிறேன். தடையை நீக்கி ஒரு நிமிடம் பேசிவிடலாம்தான். நீக்கினால் உன் முகப்படத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குக் கூரியரே மேல் என்று தோன்றியது. உன் அத்தாவின் அத்தர் கடை முகவரி நினைவில் இருந்தது, அங்கேயே அனுப்புகிறேன்.

போன வாரம் ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு காபிக் கடை வாசலில் உன் போஸ்டரைப் பார்த்தேன். 'எமோ நைட் வித் அஃபான்'. கறுப்பு ரோஜா, மண்டையோடு, கீழே சொட்டுகிற ரத்தம், நடுவில் நீ. நெற்றி முடி ஒரு கண்ணை மூடியிருக்கிறது, மூடாத கண்ணில் மை. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் மூன்றாவது செட் பரோட்டாவுக்கு சால்னா பற்றவில்லை என்று சண்டை போட்டவன் நீ. உனக்கு வாழ்க்கையில் அப்படி என்னடா துக்கம்?

அது உன் பிழைப்பு, சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஏழு வருஷத்துக்கு முன்னால் ரங்கராஜ் அண்ணனின் தறி ஷெட்டுக்குப் பின்னால் நாம் மூன்று பேரும் எடுத்த அந்த ஒரே வீடியோவை, நீ கிதார், ஆஸிம் டிரம்ஸ், நான் தொண்டை கிழியக் கத்தல், அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டிசம்பரில் ஏற்றிவிட்டாய். 'கோயமுத்தூரின் முதல் எமோ பெண்' என்று தலைப்பு வேறு. அதை விளம்பரம் செய்ய ஒரு ரீல். அதில் திருவாய் மலர்கிறாய்: "எமோன்னா உள்ளுக்குள்ள செத்துப்போனவங்க பாடற பாட்டு, ப்ரோ."

எனக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை பெயர் ஸ்ரீனிவாஸ். இரண்டு முறை பேசினோம். நான் காது பரிசோதனை செய்கிறவள் என்று சொன்னதும் "அப்ப எங்க பாட்டிக்கு மெஷின் வாங்கித் தருவீங்களா" என்று கேட்காமல், வேலையைப் பற்றி உருப்படியாக நாலு கேள்வி கேட்ட முதல் ஆள். எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும் என்று பல வருஷமாக எனக்கு ஆசை என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டும், அஃபான்.

அவர்கள் குடும்ப வாட்ஸப்பில் ஒரு புண்ணியவான் உன் ரீலுக்கும் நம் வீடியோவுக்கும் லிங்க் போட்டுவிட்டான். நேற்றுத் தரகர் வந்து அப்பாவிடம் கேட்கிறார்: "ஏனுங்க, எமோ எமோங்கறாங்களே, அது என்ன கூட்டமுங்க? கையை அறுத்துக்கறவங்களாமே?"

அந்த வீடியோவை எடுத்துவிடு. ரீலையும் எடு. பதில் எழுதுவதானால் மேலே இருக்கும் ஆர்.எஸ். புரம் கிளினிக் முகவரிக்கு எழுது. வீட்டுக்கு வருவதை எல்லாம் அப்பா பிரித்துப் படித்துவிட்டு, "உங்களுக்கு என்னமோ வந்திருக்குதுங்க கண்ணு" என்று மரியாதையாக நீட்டுவார்.

சாய்ப்ரியா


கோட்டைமேடு, கோவை
10 ஜனவரி 2025

சாய்ப்ரியா அம்மணி அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் கட்டளை கடைக்கு வந்து சேர்ந்தது. அத்தா உறையை மோந்து பார்த்து, "ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது, யாருக்குடா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டுத்தான் கொடுத்தார். உனக்குத்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

முதலில் மை. அது மை இல்லை, சுர்மா. கடையில் குப்பி குப்பியாக இருக்கிறது. அத்தா வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்குப் போகும்போது போட்டுக்கொள்வார். நாற்பது வருஷமாகப் போடுகிறார், அப்துல் நாசர் பாய் உள்ளுக்குள் செத்துப்போனவர் என்று இந்தத் தெருவில் ஒருத்தரும் சொன்னதில்லை. அடுத்தது முடி. அது துக்கம் இல்லை, வழுக்கை. முன்நெற்றி ஏறுகிறது. மூடி வைத்திருக்கிறேன். இதை நீ எங்கும் சொல்லக் கூடாது.

இப்போது உன்னைப் பற்றி. பட்டுப் புடவை கட்டி, தலை குனிந்து, காபித் தட்டை நீட்டப் போகிற பெண் என்னை வேஷக்காரன் என்கிறாள். என் வேஷம் ஒரு சுர்மாக் குப்பியோடு முடிகிறது. உன் வேஷத்துக்கு நகைக் கடைக்கே போக வேண்டும்.

வீடியோவை எடுக்க மாட்டேன். உன்னை வம்புக்கு இழுக்க இல்லை. பத்து வருஷமாக நான் வாசிப்பதெல்லாம் ரிசப்ஷனில், சாம்பார் வாளி போகிற வழியில், "தம்பி கொஞ்சம் தள்ளி நின்னு வாசிங்க" என்று சொல்லிக்கொண்டே போகிறவர்களுக்கு நடுவில். அதில் அந்த மூன்று நிமிஷம்தான் நான் வாசித்தேன் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி வாசித்தது. அதைப் பார்த்துத்தான் காபிக் கடைக்காரன் கூப்பிட்டான். அதை அழித்தால் நான் மறுபடி சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். உனக்குக் கல்யாணம் வேண்டும், எனக்கு இது வேண்டும்.

எமோ என்றால் என்ன என்று நீ சொல்லித் தர வேண்டிய நிலையிலும் நான் இல்லை. போன மாதம் ஒரு பத்திரிகையில் என் பேட்டி வந்தது. 'எமோ நம் ஒப்பாரியின் அமெரிக்கப் பேரன்' என்று சொல்லியிருக்கிறேன். நிருபர் கை கொடுத்தார். துண்டு இணைத்திருக்கிறேன், மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு.

அஃபான்
(உள்ளுக்குள் உயிரோடு)


சிங்காநல்லூர்
13 ஜனவரி 2025

அஃபானுக்கு,

கீழே பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். வேப்பிலையும் பூளைப்பூவும் எடுத்துக் கொடுக்காமல் நான் மாடியில் உட்கார்ந்து உனக்குப் பாடம் எழுதுகிறேன் என்றால் எவ்வளவு எரிச்சலில் இருக்கிறேன் என்று புரிந்துகொள்.

ஒப்பாரியின் அமெரிக்கப் பேரன்! இதைக் கேட்டு நிருபர் கை கொடுத்தாராம். இரண்டு பேரும் ஒப்பாரியும் கேட்டதில்லை, எமோவும் கேட்டதில்லை என்று ஒரே வரியில் நிரூபித்திருக்கிறீர்கள். ஒப்பாரி செத்தவருக்காக அழுவது. நாலு பேர் கூடி உட்கார்ந்து, போனவரின் பெருமையை ஊருக்குச் சொல்வது. எமோவில் யாரும் சாகவில்லை. விஷயமே அதுதான், மடையா. யாரும் சாகாத வீட்டில், எல்லோரும் மூன்று வேளையும் சாப்பிடுகிற வீட்டில், ஒருத்தருக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்பதுதான் அந்தப் பாட்டு.

எண்பதுகளின் நடுவில், வாஷிங்டன். ஹார்ட்கோர் பங்க் என்று முரட்டு வேகத்தில் ஓர் இசை. கூட்டத்தில் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதி மூக்கை உடைத்துக்கொள்வதுதான் அங்கே வீரம். அரசாங்கத்தைத் திட்டலாம், போலீஸைத் திட்டலாம், 'எனக்கு வலிக்கிறது' என்று மட்டும் சொல்லக் கூடாது. சிலருக்கு அந்த வீரம் சலித்துப்போயிற்று. வேகத்தையும் சத்தத்தையும் வைத்துக்கொண்டு, தன் நட்பு முறிந்ததை, தன் வெட்கத்தை, தன் பயத்தைக் கத்த ஆரம்பித்தார்கள். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். எமோஷனல் ஹார்ட்கோராம்! அதைச் சுருக்கி எமோ. அது வசவு, அஃபான். பாடியவர்களே அந்தப் பெயரைக் கேட்டால் முகம் சுளித்தார்கள். நீ அதைப் போஸ்டரில் தங்க எழுத்தில் போடுகிறாய்.

பிறகு தொண்ணூறுகளில் அது நடு அமெரிக்காவின் சின்ன ஊர்களுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துப் பல்லடம் மாதிரி ஊர்கள். வீட்டுக்கு அடியில் இருக்கும் அறையில் பத்துப் பேர் முன்னால், கிதாரை வேறு விதமாகச் சுருதி கூட்டி, பின்னிப் பின்னி வாசிப்பார்கள். நம் பாட்டின் நடுவில் நீ வாசித்தது அந்த வகைதான், உனக்கே தெரியாமல். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதே. அதற்கும் அப்புறம்தான் அங்கே துணிக் கடைக்காரன் வந்தான். ஒரு பக்க முடி, கறுப்பு நகச்சாயம், மண்டையோட்டு பெல்ட். பாட்டைக் கேட்காமலே உடுப்பு வாங்கலாம் என்று ஆனதும் ஊரெல்லாம் எமோ. பத்திரிகைகள் அதைத் தற்கொலைக் கூட்டம் என்று எழுதின. மெக்சிகோவில் அப்படி முடி வைத்த பிள்ளைகளைத் தெருவில் துரத்தி அடித்தார்கள். ஈராக்கில் கொன்றே போட்டார்கள். அடித்தவர்களில் ஒருவனாவது ஒரு பாட்டையாவது கேட்டிருப்பான் என்று நினைக்கிறாயா?

உன் ரீலில் நீ பேசியது அந்த அடித்தவர்களின் பேச்சு. சுர்மா போட்டுக்கொண்டு பேசினாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

இவ்வளவும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, வீடியோவை எடு.

சாய்ப்ரியா


கோட்டைமேடு
20 ஜனவரி 2025

டீச்சருக்கு,

பாடம் படித்தேன். ஆஸிமுக்கும் படித்துக் காட்டினேன். பரீட்சை எப்போது என்று கேட்கிறான்.

நடு அமெரிக்கா, வேறு விதச் சுருதி எல்லாம் எனக்கு நிஜமாகவே தெரியாது. நான் அப்படி வாசித்ததற்குக் காரணம் ரங்கராஜ் அண்ணனின் தறி. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும்போது அதை மீறி வேறு தாளத்தில் எவனாலும் வாசிக்க முடியாது, அதோடு சேர்ந்து பின்னிக்கொண்டே போக வேண்டியதுதான். தறி நின்றால் நம் சத்தம் தெருவுக்குக் கேட்டுவிடும் என்று நீயும் டக்கென்று வாயை மூடிவிடுவாய். கரண்ட் போகிற நாளில் நம் பாட்டு பாதியில் முடியும். வாஷிங்டனும் இல்லை, பல்லடமும் இல்லை. இதுதான் உன் எமோவின் வரலாறு, நோட்டில் எழுதிக்கொள்.

சரி, இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். பாட்டின் கடைசியில் "சாப்புட்டாச்சுங்களா, சாப்புட்டாச்சுங்களா" என்று திரும்பத் திரும்பக் கத்துகிறாயே, கீழே கமெண்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பசி எடுத்த பேய் என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். அது என்ன என்று எனக்கு மட்டும்தான் நீ ஒரு நாள் சொன்னாய். உனக்குப் பதினைந்து வயதில் உன் அம்மா மூன்று மாதம் வீட்டில் இல்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிற உன் அப்பா அந்த மூன்று மாதமும் உன்னிடம் தமிழில், ஏதோ வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி பேசினார். அதுவும் இந்த ஒரு கேள்வியை மட்டும். தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். அம்மா எங்களை உதறிவிட்டுப் போய்விட்டாள் என்று அழுதாய். மறுநாள் பாட்டோடு வந்தாய்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் வாஷிங்டனில் எவன் எதற்குக் கத்தினான் என்று புட்டுப் புட்டு வைக்கிறாயே, உன் அம்மா அந்த மூன்று மாதம் எங்கே இருந்தார்கள் என்று உனக்குத் தெரியுமா? ஏன் போனார்கள் என்று? கேட்டாயா ஒரு நாளாவது? ஒன்றும் விசாரிக்காமல் பெற்றவளைத் திட்டி ஒரு பாட்டு எழுதினாய். ஒன்றும் தெரியாமல் நான் ஒரு ரீல் போட்டேன். என்னைவிட நீ எந்த விதத்தில் ஒசத்தி என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை அம்மணி.

அஃபான்


ஆர்.எஸ். புரம்
24 ஜனவரி 2025

அஃபானுக்கு,

என் அம்மாவைப் பற்றி இனி உன் பேனாவில் ஓர் எழுத்து வரக் கூடாது.

தெரியும். அந்தியூரில் பெரியம்மா வீட்டில் இருந்தார். அப்பா அப்படித்தான் சொன்னார். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன், அம்மா இல்லை. ஆடி கடைசியில் போனவர் தீபாவளிக்குத்தான் வந்தார். நடுவில் ஒரு போன்கூட இல்லை. வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய் ரசம் வைத்தார், நாங்களும் சாப்பிட்டோம். என்னை விட்டுவிட்டுப் போகத் துணிந்தவரிடம் நான் என்னத்தைக் கேட்பது? அவர் சொல்லியிருக்க வேண்டும். இன்று வரை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வாங்க போங்க குறைவே இல்லாமல் நடக்கும், வேறு எதுவும் யாரும் பேச மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். வீடியோவைப் பார்த்துக் காங்கேயத்தார் மறுபடியும் கேட்டதற்கு அப்பா தரகரிடம், "அது எங்க பொண்ணு இல்லீங்க, அதே சாயல்ல வேற யாரோங்க" என்று சொல்லிவிட்டார். அழகிரிசாமி நாயுடு பொய் சொல்ல மாட்டார் என்று இந்தத் தெருவே நம்புகிறது. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். உனக்குச் சிரிப்பாக இருக்கும், சிரி. பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். அந்த வீடியோ இருக்கும் வரை இந்தப் பொய் நிற்காது. யாராவது நிறுத்தி, பெரிதாக்கி, என் காதோர மச்சத்தைப் பார்த்தால் முடிந்தது.

நான் உன்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போதும் கெஞ்சவில்லை. எடுத்துத் தொலை.

சாய்ப்ரியா


கோட்டைமேடு
4 பிப்ரவரி 2025

சாய்ப்ரியாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். அத்தா வழக்கம்போல ஸ்டூல் போட்டு, புறங்கையில் கொஞ்சம் மல்லிகை அத்தர் தடவிவிட்டார். இளையவன் உன் ஸ்ரீனிவாஸ். கூட வந்தவர் அவனுடைய மாமாவாம், வெள்ளை வேட்டி, ரொம்பப் பணிவு. கையை மோந்துகொண்டே ஆரம்பித்தார்: "ஏனுங்க பாய், உங்க பையன் நடத்தற அந்தச் சாவுக் கூட்டத்துல சிங்காநல்லூர்ப் பொண்ணு ஒண்ணு இருக்குதாமுங்களே. அது கையைக் கிய்யை அறுத்துக்கிற பொண்ணுங்களா? சும்மா சொல்லிப்போடுங்க, நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோமுங்க."

அத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எம் பையனுக்குக் கத்திரிக்கா நறுக்கவே தெரியாதுங்களே" என்றார். நான் உள்ளேயிருந்து வந்து, நீ எழுதிய பாடத்தை ஒப்பித்தேன். ஆமாம், ஒப்பித்தேன். வாஷிங்டன், ஹார்ட்கோர், வசவு, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "அதெல்லாம் இருக்கட்டுங்க தம்பி. நோட்டீசுல ரத்தம் சொட்டுதுங்களே, அது யாரு போட்டதுங்க?" என்றார். நான் போட்டது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு சொட்டாக நானே போட்டது. சுர்மாக் குப்பிகளைத் துடைத்து அடுக்க ஆரம்பித்தேன்.

வீடியோவில் இருப்பது நீ இல்லை என்று நானும் சொல்லிவிட்டேன். உன் அப்பாவின் பொய்க்கு என்னால் ஆன உபகாரம். போகும்போது ஸ்ரீனிவாஸ் என்னிடம் மெதுவாக, "அந்தப் பாட்டு நல்லாருக்குதுங்க" என்றான். சொல்லிவிட்டு மாமா கேட்டுவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தான். அவன் தைரியம் அவ்வளவுதான். இருந்தாலும் உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் நான் யார் சொல்ல.

அவர்கள் போனதும் அத்தா ஒன்றும் திட்டவில்லை. "மத்தவன் வூட்டுப் பொண்ணு பேரை வெச்சா நீ கடை நடத்தறே?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. போஸ்டரைக் கிழித்தேன். ரீலை எடுத்தேன். இதை எழுத உட்காருவதற்கு முன்னால் வீடியோவையும் அழித்துவிட்டேன். என்னிடம் இருந்த பிரதியையும் அழித்துவிட்டேன். படம் எடுத்த ஆஸிமின் போன் எப்போதோ பழைய சாமானுக்குப் போயிற்று. இனிமேல் யார் தேடினாலும் கிடைக்காது. காபிக் கடைக்காரனிடமும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் செய்துகொள். பத்திரிகை அனுப்பாதே, எப்படியும் நீங்கள் பிரியாணி போட மாட்டீர்கள்.

அஃபான்


சிங்காநல்லூர்
11 பிப்ரவரி 2025

அஃபானுக்கு,

நீ அழித்துவிட்டாய் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நிம்மதிக்காக இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேனில் வந்தார்கள். தட்டு வரிசை, பழம், பட்டு, எல்லாம் குறைவில்லாமல். பூ வைத்து, குங்குமம் வைத்து முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தை நாச்சியம்மாள் என்பவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். உன் கடைக்கு வந்த மாமாவின் மனைவி. "பழைய வளையலைக் கழட்டிப்போட்டு நாங்க கொண்டாந்தது போடோணுமுங்க, எங்க ஊட்டு வழக்கமுங்க" என்றார். பூ வைக்கிற அன்று அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஆட்களில் எந்த வீட்டிலும் கிடையாது. கூடியிருந்த அத்தனை பெண்களுக்கும் அது தெரியும். ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

என் வளையல்களைக் கழற்றினார். கையைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கத்திரிக்காயில் புழு பார்க்கிற மாதிரி பார்த்தார். முதலில் இடது கை, பிறகு வலது கை. மஞ்சள் பூசுகிற சாக்கில் மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். எமோ என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்த ஒரே அர்த்தத்தை என் தோலில் தேடிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்த முகமாகக் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் படட்டும் என்று கொஞ்சம் தூக்கிக்கூடப் பிடித்தேன். உனக்குப் பக்கம் பக்கமாகப் பாடம் எடுத்தவள். ஸ்ரீனிவாஸ் எதிரில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்ன நடக்கிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்றும் இல்லை என்று ஆனதும் நாச்சியம்மாள், "தங்கமான கையுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அம்மா அப்போது எழுந்து வந்தார். நாச்சியம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்து, தன் இடது கை வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைத்தார். கையைத் திருப்பி நீட்டினார்.

"ஏனுங்க, என்ற கையையும் பாத்துப்போடுங்க."

பழைய, வெளுத்துப்போன தழும்பு. நான் என் வாழ்நாளில் அம்மாவின் அந்தக் கையை வெறுமையாகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாச்சியம்மாள் கையைத் தொடவில்லை. அம்மா சத்தம் போடவே இல்லை, எப்போதும்போல மரியாதையாகத்தான் பேசினார்.

"பன்னெண்டு வருசம் ஆச்சுங்க. எமோன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் பாட்டுக் கேக்கற பழக்கமே இல்லீங்க. ஊட்டுல யாரும் யாருகிட்டயும் பேச மாட்டாங்க, அதானுங்க எனக்கு வந்த நோவு. அந்த வீடியோவுல கத்தறது இவதானுங்க. எம் பொண்ணுதானுங்க. அவ கத்திப்போட்டா, கை சுத்தமா இருக்குது. நான் கத்தலீங்க."

நான் உனக்கு எழுதியதில் ஒரு பக்கமாவது இதற்கு ஈடாகுமா என்று பார்த்தேன். இல்லை.

அவர்கள் சண்டை எதுவும் போடவில்லை. பாயசத்தை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "அப்ப நாங்க போயிட்டு வாரோமுங்க" என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு வேனில் ஏறினார்கள். தட்டுகளை மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள். ஜாதகத்தில் ஏதோ தோஷம் தெரிகிறதாம், நேற்றுத் தரகர் வந்து சொன்னார். ஸ்ரீனிவாஸிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'சாரிங்க' என்று ஒரே சொல். அதிலும் மரியாதை குறையவில்லை. அவனைத் தடுத்து வைத்துவிட்டேன். அழுதேன் என்பதையும் எழுதுகிறேன். பிடித்துத்தான் இருந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார், அஃபான். மூன்று வாரம் இங்கேயே, நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் இருக்கிற ஆஸ்பத்திரியில். மீதி நாள் அந்தியூர். எனக்குத் தெரியக் கூடாது, போனில் குரல் கேட்டால் எல்லோரும் உடைந்துபோவோம் என்று அப்பா முடிவு செய்தாராம். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். காங்கேயத்தார் போன பிறகு அப்பா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கில் ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அழுதார். அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் உன்னை உட்டுப்போட்டுப் போயிட்டேன்னா நெனச்சே கண்ணு?"

"ஆமாங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

நீ ஜனவரியில் எழுதியது சரி. நான் உன்னைவிட எந்த விதத்திலும் ஒசத்தி இல்லை. இந்த வாக்கியத்தை இன்னொரு முறை எழுத மாட்டேன், வேண்டுமானால் சட்டம் போட்டு அத்தர் கடையில் மாட்டிக்கொள்.

இப்போது எழுத வந்த விஷயம். அம்மாவுக்கு அந்தப் பாட்டைக் கேட்க வேண்டுமாம். தரகர் காட்டியபோது சத்தம் வைக்கவில்லையாம். "நீ வாயைத் தொறந்து கத்தறது மட்டுந்தான் தெரிஞ்சுது. என்ன சொல்லிக் கத்தறேன்னு எனக்குத் தெரியோணும்" என்றார். பழக்க தோஷத்தில் போனை எடுத்துத் தேடினேன். இல்லை. லட்சம் பேர் பார்த்துச் சிரித்த பாட்டு, அதைக் கேட்க வேண்டிய ஒரே ஆள் கேட்கும்போது இல்லை. நான்தான் அழிக்கச் சொன்னேன், நீ சொன்ன பேச்சைக் கேட்டுத் தொலைத்துவிட்டாய், முதல் தடவையாக.

அது அவரைத் திட்டுகிற பாட்டு என்று சொல்லிப் பார்த்தேன். விஷயம் தெரியாமல் எழுதியது, வேறு வரி போட்டுப் பாடுகிறேன் என்றேன். "மாத்தாதே. அன்னைக்கு என்ன நெனச்சியோ அதையே திட்டு" என்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஷெட் வேண்டும் என்று ரங்கராஜ் அண்ணனிடம் கேட்டுவை. ஆஸிமையும் வரச் சொல். ஏழு வருஷமாக நான் கத்தவில்லை, தொண்டை என்ன செய்யும் என்று தெரியாது. அம்மா எனக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்காருவேன் என்கிறார். அந்த வரிகளை அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்லப் போகிறேன் என்று பயமாக இருக்கிறது. இருந்தாலும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

சாய்ப்ரியா